பரமேஸ் அக்காவின் சுவரில் ஒரு கடல்

பரமேஸ் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஹாஜரா தாத்தா. வெள்ளவத்தையில் பரமேஸ் அக்கா வாடகைக்கு இருந்த மேல்மாடியின் சொந்தக்காரர், கீழ்வீட்டில் இருப்பவர். கொழும்பு முஸ்லிம் மக்களின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. நான் கொட்டாஞ்சேனைச் சந்தையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கைத்தொலைபேசியில் அவருடைய பெயரைக் கண்டதுமே கையில் இருந்த காயைக் கீழே வைத்தேன். பெருநாளைத் தவிர வேறு நாளில் அவர் எனக்கு அழைப்பதில்லை.

“யோகம் மிஸ், எங்கட மிஸ் போய்ட்டாங்க. காலைல மேல நடக்கிற சத்தம் கேக்கல்ல. ஏறிப் போய்ப் பாத்தேன். கதிரையிலதான் இருந்தாங்க. தூங்குறாங்க எண்டு நெனச்சு பிளேன்டீய பக்கத்தில வெச்சிட்டு வந்துட்டேன் மிஸ். கோப்பைய எடுக்கத் திரும்பப் போனப்பதான்...”

மரக்கறிக்காரர், “அக்கா, காய் வேணுமா, வேணாமா?” என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். அந்த முருங்கைக்காய்ப் பையோடுதான் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். சாவீட்டுக்கு முருங்கைக்காயோடு வந்த என்னைப் பரமேஸ் அக்கா கண்டிருந்தால், “சமைக்க வந்தனீரோ, அழ வந்தனீரோ?” என்று கேட்டிருப்பார்.

கொட்டாஞ்சேனையில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கும், அவரிடம் சரித்திரம் படித்த பிள்ளைகளுக்கும் பரமேஸ்வரி ரீச்சரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவர் வகுப்புக்கு வரும்போது முதலில் தெரிவது கறுப்புக் குடை, பிறகுதான் ஆள். மழை, வெயில் இரண்டுக்கும் அந்த ஒரே குடை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அன்று ஆசிரியர் அறையில் அவருக்குக் கதிரை இல்லை. என் கதிரையின் பாதியைக் காட்டினேன். “உமக்குப் பாதி காணுமோ?” என்று, பாதி போதுமா என்று, என் உடம்பைப் பார்த்துக் கேட்டுவிட்டு மற்றப் பாதியில் இருந்தார். எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது.

அவருடைய வகுப்பறையில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. பிள்ளைகள் கீறிய படங்கள் சுவரில் இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருக்கலாம். பிறகு கழற்றிக் கொடுத்துவிடுவார். மற்ற வகுப்புகளில் எல்லாம் மூன்று வருடத்துக்கு முந்திய படங்கள் மூலை சுருண்டு தொங்கும். ஒருமுறை தன்னுடைய கோட்டைப் படம் கழற்றப்பட்டதென்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். நான் போய்க் கேட்டேன்.

“யோகம், ஒரு படத்தை ஆக்கள் ரெண்டு கிழமைதான் பாப்பினம். பிறகு அது படமில்லை, சுவர்” என்றார். பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “வீட்டில கொண்டுபோய் வையும். உங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்து போறவைதானே? ஒவ்வொருத்தரும் புதுசாப் பாப்பினம்” என்று சொல்லிப் படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். அந்தப் பிள்ளை இப்போது இரத்மலானையில் ஆசிரியை. மரணச் சடங்குக்கு வந்திருந்தாள்.

இப்படிச் சுவரைப் பற்றிக் கதைக்கும் பெண்ணின் சொந்த வீட்டுச் சுவர்களில் ஒன்றுமே இல்லை. நான் முதன்முதலாக அங்கே போனபோது கண்ணில் பட்டது அதுதான். முன்கூடத்தில் ஒரு மளிகைக்கடைக் கலண்டர் மட்டும் தொங்கியது. அந்த ஆணியும் ஹாஜரா தாத்தா முன்னரே அடித்துவைத்தது.

“விட்டிட்டுப் போற வீட்டில ஆணி அடிக்கிறதே?” என்று பரமேஸ் அக்கா சொன்னார்.

மகன் குகன் ரொறொன்ரோவில் இருந்தான். தாயையும் தகப்பனையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பித்திருந்தான். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அந்த விசாவுக்குக் காத்திருந்தபடி வருடங்கள் போயின. யுத்தம் நடந்த அந்தக் காலத்து வெள்ளவத்தை முழுக்க அப்படித்தான் இருந்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தொலைக்காட்சிப் பெட்டியை அது வந்த அட்டைப்பெட்டியோடேயே வைத்து, முன்பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பார்த்தது. இன்னொரு வீட்டில் இரண்டு பெரிய சூட்கேஸ்களை அடுக்கி, மேலே பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் தேத்தண்ணீர் வைத்துத் தந்தார்கள். வீதிச் சோதனைகளும் வீட்டுச் சோதனைகளும் நடந்த அந்த ஆண்டுகளில் வெறும் சுவர் என்பது ஏழ்மையின் அடையாளம் அல்ல. இந்த வீட்டுக்காரர் பயணக்காரர் என்பதன் அடையாளம்.

பரமேஸ் அக்காவின் கணவர் சிவம் அண்ணை துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து இளைப்பாறிய பென்சன்காரர். மெலிந்த, சத்தமில்லாத மனிதர். அவரிடம் ஒரு பழைய கமரா இருந்தது. கடற்கரைப் பக்கம் கமராவோடு நடந்தால் காவலில் நிற்பவர்கள் பிடித்துக் கேள்வி கேட்கும் காலம் என்பதால், வீட்டு மாடி விறாந்தையில் நின்றபடிதான் படம் எடுப்பார். காகம், மழை, ஹாஜரா தாத்தாவின் பூனை.

அப்படி எடுத்த ஒரு படம் அவர்களிடம் இருந்தது. இருபுறமும் மதில், நடுவே அவர்களுடைய ஒழுங்கை, ஒரு ஒடுங்கிய சந்து, கீழே இறங்குகிறது. ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அப்பால் கடல். வலப்பக்கத்திலிருந்து கோச்சி, அதாவது ரயில், ஒன்று வருகிறது. பாறையில் மோதிய அலை கோச்சிப் பெட்டியின் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. விடிந்து அதிக நேரமாகாத சாம்பல் வெளிச்சம். தபாலட்டை அளவுதான். அல்பத்தில் கிடந்தது.

ஒருநாள் காலையில் சிவம் அண்ணை கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தார். அதை மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். அவ்வளவுதான். குகன் வந்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அதன் பிறகு சில மாதங்களில், இத்தனை வருடமாக வராத விசா, பரமேஸ் அக்கா ஒருவருக்கு வந்தது. குகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, “அம்மா, ரிக்கற் போடட்டோ?” என்று விமானச் சீட்டைப் பற்றிக் கேட்பான். “ஆட்டைத் திவசம் முடியட்டும் அப்பன்” என்பார் இவர். முதலாண்டு நினைவு நாளை நாங்கள் ஆட்டைத் திவசம் என்போம்.

போவது நிச்சயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் பிரியாவிடைக்கு என்ன வாங்குவது என்றுகூடக் கதை தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் பரமேஸ் அக்கா, “இஞ்சேரும் யோகம், அந்தக் கடல் படத்தைப் பெருசாக்க வேணும். என்னோட வாரும்” என்றார்.

காலி வீதியில் ரவி என்பவர் கடை வைத்திருந்தார். அட்டன் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் படம் பெருப்பிக்கும் தொழில் செய்தவர். வாயாடி. எங்களை இருத்திவிட்டு இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரே நீர்வீழ்ச்சிப் படம். ஒன்று கடதாசியில், மற்றது கன்வஸில்.

“எதுல போடுறது மிஸ்? பேப்பர்னா பளிச்சுனு இருக்கும், இலை இலையா தெரியும். ஆனா கண்ணாடி போடணும். கன்வஸுக்கு கண்ணாடி வேணாம். இப்ப குண்டு வெடிச்சா முதல்ல கொட்டுறது கண்ணாடிதானே, அதனால நிறையப் பேர் கன்வஸ் கேக்குறாங்க.”

பரமேஸ் அக்கா கன்வஸைப் புடவைக்கடையில் பார்ப்பதுபோல விரலுக்கிடையில் உரசிப் பார்த்தார். “உது துணியெல்லோ?”

“துணிதான் மிஸ். மேல பூச்சு பூசியிருக்கு.”

“படத்தில துணி தெரியுதே. நீர்வீழ்ச்சிக்கு நூல் ஓடினமாதிரி இருக்கு.”

“அதுதான் மிஸ் அதோட அழகு!”

“உமக்கு விக்கிறதெல்லாம் அழகுதான்.”

ரவி சிரித்துவிட்டார். “சரி மிஸ், நான் ஒண்ணு கேக்குறேன். இது எடுத்துட்டுப் போறதுக்கா, இங்க மாட்டுறதுக்கா? போறதுன்னா பேப்பர் எடுங்க. இப்ப ஃபிரேம் போட்டுத் தாரேன். போற நேரம் கொண்டாங்க, கழட்டி, சுருட்டி, குழாயில போட்டுத் தாரேன். கன்வஸ்னா மரச்சட்டத்துல இழுத்து அடிச்சிருவோம். அப்புறம் கழட்டிச் சுருட்டினா பூச்சு வெடிக்கும்.”

குகனும் தொலைபேசியில் அதையே சொல்லியிருந்தான். கடதாசியில் எடுத்துச் சுருட்டிக்கொண்டு வாருங்கள், இங்கே சட்டம் போடலாம் என்று.

“போறதுக்குத்தான். கடதாசியிலயே போடும்” என்றார் பரமேஸ் அக்கா.

“வீடு கடல் பக்கமா மிஸ்? அப்ப ரெண்டு மழைக்குப் பிறகு கண்ணாடிக்குள்ள புள்ளி புள்ளியா பூஞ்சணம் வரும். இப்பவே சொல்லிட்டேன்.”

“ரெண்டு மழை மட்டும் ஆர் தம்பி இருக்கப்போறது?”

படம் தயாரானதும் மண்ணிறக் கடதாசியில் சுற்றி, நூல் கட்டித் தந்தார்கள். ஓட்டோவில் இருவருமாக மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஒழுங்கையில் இறங்கிப் படியேறும்போது அக்கம்பக்கத்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் கையில் இருந்த வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு பெரிய படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுற்றிக் கொண்டுவந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆட்டைத் திவசம் வேறு நெருங்கியிருந்தது. சிவம் அண்ணையின் படம் வந்துவிட்டதென்று ஒழுங்கை முழுக்கச் செய்தி போய்விட்டது. மாலையாவதற்குள் சிவம் அண்ணையின் தங்கை மனோன்மணி பம்பலப்பிட்டியிலிருந்து வந்துவிட்டார். கையில் மல்லிகை மாலை, சந்தனம். பின்னால் நாலைந்து பெண்கள். ஹாஜரா தாத்தாவும் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து படியோரம் நின்றார்.

மனோன்மணி அழுதுகொண்டே கடதாசியைப் பிரித்தார். கடல் வந்தது. கோச்சி வந்தது. அழுகை அந்தரத்தில் நின்றது.

“மச்சாள், அண்ணை எங்க?”

“படம் எடுத்தவர் அவர். அவர் எப்பிடிப் படத்துக்கை நிப்பார்?” என்றார் பரமேஸ் அக்கா.

“எண்டாலும் அண்ணைன்ர கையால எடுத்ததுதானே! மாலை கொண்டுவந்திட்டன். திருப்பிக் கொண்டுபோகக் கூடாது மச்சாள்.”

யார் தடுத்தும் அவர் கேட்கவில்லை. கலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே படத்தை மாட்டினார். கடலுக்கு மாலை போட்டார். கண்ணாடியில், கோச்சி இயந்திரத்துக்குச் சற்று மேலே, சந்தனப் பொட்டு வைத்தார். ஹாஜரா தாத்தா என் காதருகில், “மிஸ், ட்ரெய்னுக்கா பொட்டு வெச்சாங்க?” என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தேன். மற்றவர்கள் நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவினார்கள். பரமேஸ் அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அவர் மறுநாளே மாலையைக் கழற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டார். ஆனால் துடைத்துப் பயன் இருக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைக் கண்டவுடன் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். கண்ணாடியும் சட்டமும் உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லிவிட்டன. கடல் என்ன சொன்னாலும் யாரும் கேட்கவில்லை.

“யோகம், அந்தாள் உயிரோட எடுத்த படம் இது” என்றார் ஒருநாள். “காலமை எழும்பி, வாயும் கொப்பளிக்காமல் எடுத்தது. அதைக் கொண்டுவந்து செத்த படமாக்கிப் போட்டினம். வாரும், கடைக்குப் போவம்.”

ரவி எங்களைக் கண்டதும், “அதுக்குள்ள பூஞ்சணமா மிஸ்?” என்றார்.

“இல்லை. கன்வஸில போடவேணும். நாலடியில.”

ரவி வியாபாரத்தைப் பார்க்காமல் உண்மையைத்தான் சொன்னார். பழைய நெகற்றிவ், அந்த அளவுக்குக் கன்வஸில் போனால் நுணுக்கமானவை துணி நூலுக்குள் போய்விடும். கோச்சி தெரியும், அலை தெரியும். கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கி, தண்டவாளத்தோரம் ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க பாருங்க, குடையோட ஒரு பொம்பள போறாங்க. பேப்பர்ல சேலைக் கரைகூடத் தெரிஞ்சிச்சு. கன்வஸ்ல இது வெறும் கறுப்பா நிக்கும்.”

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். பரமேஸ் அக்கா திரையைப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான்தான் தம்பி. ஸ்ரேசனுக்குப் போறன், பள்ளிக்கூடத்துக்கு. நான் ஒழுங்கை முடியுமட்டும் போய், தண்டவாளத்தில திரும்பி மறையுமட்டும் அவர் விறாந்தையில நிண்டவராம். ஒவ்வொரு நாளும். இந்தப் படம் கழுவி வந்த பிறகு, ஹாஜரா தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பவும் நான் ஒண்டும் கேக்கேல்லை, அவரும் ஒண்டும் சொல்லேல்லை.”

அந்த ஆண்டுகளில் காலையில் போனவர் மாலையில் வருவார் என்பதற்கு எந்த வீட்டிலும் உறுதி இருக்கவில்லை. பஸ்ஸிலும் கோச்சியிலும் குண்டு வைத்த காலம். சிவம் அண்ணை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. விறாந்தையில் நின்றார், அவ்வளவுதான்.

ரவி குரலை மாற்றிக்கொண்டு, “அப்ப பேப்பரே இருக்கட்டுமே மிஸ்? நீங்க நல்லாத் தெரிவீங்க” என்றார்.

“நான் தெரியத் தேவையில்லை. பாக்கப்போறது நான்தானே.”

“கன்வஸ்னா சுருட்டேலாது மிஸ். போன தடவையே சொன்னேன்.”

“தெரியும்.”

“அப்ப நீங்க போகலையா?”

பரமேஸ் அக்கா கைப்பையைத் திறந்தார். “எப்ப தருவீர்?” என்று கேட்டார். அவர் போகப்போவதில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தக் கடையில்தான். வெளியே வந்து காலி வீதியைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “என்ன, றோட்டுக் கடக்கப் பயமோ?” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்கும்போது குகன் அழைத்தான். தொலைபேசி வாங்கியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துத்தான் அவர் கதைப்பார். மறுபக்கம் சொல்வது அறை முழுக்கக் கேட்கும்.

“அம்மா, ரிக்கற் போடட்டோ?”

“இஞ்சேர் அப்பன், படம் வந்திட்டுது.”

“கடதாசிதானே?”

“இல்லை. கன்வஸ்.”

“எவ்வளவு பெருசு?”

“நாலடி.”

“நாலடியோ? அதை எப்பிடியம்மா கொண்டு வரப்போறியள்?”

“கொண்டு வரேல்லை.”

குகன் கத்தினான். “அங்க குண்டு வெடிக்குது, ஆக்களைப் பிடிக்கிறாங்கள். நான் இஞ்ச நித்திரையில்லாமல் கிடக்கிறன். நீங்கள் சுவருக்குப் படம் மாட்டுறியள்!”

“ஓம் அப்பன். நேற்றுத்தான் ஆணி அடிச்சனாங்கள். ஹாஜரா தாத்தா சுவர் துளைக்கிற மெசினும் வேண்டித் தந்தவ.”

லைன் அறுந்தது. அதன் பிறகு வந்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை. பரமேஸ் அக்கா வழக்கமான நேரத்துக்கு அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு, விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு தாளைத் திருத்த வழக்கத்தை விட நேரம் எடுத்தது. நான் ஆறுதல் சொல்லப் போனேன். “பிள்ளை கோவிக்கிறது சரி, யோகம். கோவிக்காட்டித்தான் நான் கவலைப்படவேணும்” என்றார். பிறகு ஒரு ஞாயிறு மணி அடித்தது. “அம்மா, சாப்பிட்டியளோ?” என்று கேட்டான். ரிக்கற் பற்றி அவன் பிறகு கதைக்கவில்லை.

அந்தப் படத்தை மாட்டிய பிறகு வீடு மாறிவிட்டது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். நடந்ததைச் சொல்கிறேன். சூட்கேஸ்கள் கட்டிலுக்குக் கீழே போயின. ஒரு புத்தக அலுமாரி வந்தது. விறாந்தையில் கறிவேப்பிலைக் கன்று வந்தது. கறிவேப்பிலைக் கன்றை யாரும் பயணத்துக்கு வாங்குவதில்லை.

ஒருமுறை வீட்டுச் சோதனைக்கு வந்தவர்களில் ஒரு இளம் சிப்பாய் படத்தின் முன்னால் நின்றுவிட்டான். பின்னால் ஏதும் ஒளித்திருக்கிறார்களோ என்று அதைச் சுவரிலிருந்து கழற்றினான். நான் பயந்துபோய் இருந்தேன்.

“மே கொஹெத?” என்று சிங்களத்தில் கேட்டான். இது எங்கே என்று.

“மே பார கெளவர, மஹத்தயா” என்றார் பரமேஸ் அக்கா. இந்த ஒழுங்கையின் முடிவுதான் என்று.

அவன் நம்பவில்லை. நாலடிப் படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனான். படத்தைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். “லஸ்ஸனய்” என்று, அழகென்று சொல்லி, கொண்டுவந்து அவனே மாட்டினான். சற்றுச் சரிந்து நின்றது. அவர்கள் போனபின், “கண்ணாடிப் படமெண்டா கை தவறிப் போட்டிருப்பான். பிறகு அவனும் கோபம், நாங்களும் பயம்” என்றபடி பரமேஸ் அக்கா அதை நேராக்கினார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் அவர் ரொறொன்ரோவுக்குப் போனார். குடியிருக்க அல்ல, ஒரு கோடைகாலத்துக்கு. திரும்பி வந்தபோது எனக்கு ஒரு கம்பளிச் சால்வை கொண்டுவந்தார். கொட்டாஞ்சேனைக்கு அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். “சந்தைக்குக் கட்டிக்கொண்டு போம், விலை குறைப்பாங்கள்” என்றார். அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார்.

“குகன்ர வீடு நல்ல உயரத்தில. காலமை அவன் கீழ இறங்கிக் காருக்கு நடப்பான். நான் குசினி யன்னலில நிப்பன், அவன் மறையுமட்டும். ஒருநாளும் மேல பாக்கேல்லை. பிழை சொல்லேல்லை. நான் மட்டும் அந்த ஒழுங்கையில திரும்பிப் பாத்தனானோ? கோச்சிக்கு ஓடுற அவசரம்.”

“சொல்லியிருக்கலாமே அக்கா” என்றேன்.

“சொன்னா, பிறகு அவன் எனக்காகப் பாப்பான். அது வேற.”

போன மாதம், உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் சடங்கெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மேல்மாடியில் உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குகன் சாப்பிடாமல் படத்துக்கு எதிரே இருந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

“யோகம் அன்ரி, அங்க ஆக்கள் கேட்டா அம்மாவுக்குக் குளிர் ஒத்துவராது எண்டு சொல்லுவன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் சொன்னனான்.” கொஞ்சம் நிறுத்தினான். “உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு என்னட்ட வர விருப்பமில்லையோ?”

இத்தனை ஆண்டு ஆசிரியையாக இருந்த நான் அந்தக் கேள்விக்கும் உதாரணமாகவே பதில் சொன்னேன். படத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி யார் என்று சொன்னேன். விறாந்தையில் தகப்பன் நின்றதைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அந்தக் கோடைகாலத்தில் ஒவ்வொரு காலையும் தாய் எங்கே நின்றார் என்பதையும் சொன்னேன்.

குகன் எழுந்துபோய் அந்தப் புள்ளியை விரலால் தொட்டான்.

“எந்த யன்னல்?” என்று கேட்டான்.

“குசினி யன்னல்.”

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஹாஜரா தாத்தா தேத்தண்ணீரோடு வந்தவர், அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பழைய கண்ணாடிப் படம் ரவி சொன்னபடியே பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது. போவதற்கு முதல்நாள் குகன் அவரிடம் போய், அதே படத்தைப் புதிதாகக் கடதாசியில் எடுத்துக் குழாயில் போட்டுக்கொண்டு போனான். அதில் சேலைக் கரை தெரியும். கன்வஸ் படம் ஹாஜரா தாத்தாவின் கீழ்வீட்டுக்கு வந்திருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்து, எந்த ஊர்க் கடல் என்று கேட்கிறார்களாம்.

பரமேஸ் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை பல. பாதிக் கதிரை, கம்பளிச் சால்வை, சிரிக்கக் கூடாத இடங்களில் வரும் சிரிப்பு. ஆனால் நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பழக்கம். இப்போது வீட்டை விட்டு இறங்கினால், தெரு திரும்பும் இடத்தில் ஒருமுறை நின்று பின்னால் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே யாரும் இல்லை. போன கிழமை என் மருமகள் மேலே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் நிற்பதைக் கண்டு, “என்ன மாமி, ஏதும் மறந்திட்டியளோ?” என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை” என்று கையை அசைத்துவிட்டு நடந்தேன்.